பட்டனைத் தட்டினால் போகும் கடிதம்



மாதம் பிறந்ததும் பல அலுவலகங்களில் சம்பளச் சீட்டு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. கணக்குப் பிரிவில் யாரும் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக அனுப்புவதில்லை. மேசைக் கணினியில் இருக்கும் சம்பளக் கணக்கு மென்பொருளில் ஒரு பட்டனைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் அந்த மென்பொருளுக்கு நம் வீட்டு வாசல்வரை வரத் தெரியாது. ஓர் அஞ்சல் சர்வரைக் கூப்பிட்டுக் கடிதத்தை ஒப்படைக்க மட்டுமே தெரியும். இருவரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். ஜான் போஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1982-இல் எழுதிவைத்த விதிமுறை அது. மென்பொருள் முதலில் ஹலோ சொல்லும். அனுப்புநர் யார் என்று சொல்லும், பெறுநர் யார் என்று சொல்லும். ஒவ்வொன்றுக்கும் சர்வர் 250 என்று பதில் தரும். 'சரி, மேலே சொல்' என்று பொருள். பிறகு கடிதம் வரிவரியாகப் போகும். முடிந்தது என்பதற்கு அடையாளம், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. கடிதத்துக்குள்ளேயே அப்படி ஒரு புள்ளி இருந்தால் என்ன செய்வது? அதன் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து மென்பொருள் அனுப்பும். சர்வர் அதை எடுத்துவிடும். நாற்பது வருஷமாக இதே ஏற்பாடுதான்!

புள்ளிக்குப் பிறகும் சர்வர் 250 என்றுதான் சொல்லும். உடனே திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தபால்பெட்டியில் போட்டதற்கு அத்தாட்சி அது, வீட்டில் கொடுத்ததற்கு அல்ல. முகவரி தப்பென்றால் கடிதம் பிறகு திரும்பி வரும். அது வந்து சேரும் அலுவலகப் பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது.

அந்தப் பழைய விதியில் அனுப்புநர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லலாம். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் புழங்கிய காலத்தில் அது போதுமாக இருந்தது.

மின்னஞ்சல் எல்லோர் கைக்கும் வந்த பிறகு அது போதவில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு ஒரு கடிதம் கிளம்பியது. அதன் இணைப்பைத் திறந்தவரின் கணினியில் இருந்த அவுட்லுக் என்ற மைக்ரோசாப்ட் அஞ்சல் மென்பொருளை அந்தச் சின்ன நிரல் கூப்பிட்டு, முகவரிப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னையே அனுப்பச் சொன்னது. அவுட்லுக்கும் மறுபேச்சில்லாமல் அனுப்பியது. சர்வரோடு நேரே பேசாமல் அவுட்லுக் மூலம் சம்பளச் சீட்டு அனுப்பிய மென்பொருள்கள் பயன்படுத்திய அதே வழிதான். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த மாதமே மைக்ரோசாப்ட் ஒரு பூட்டுப் போட்டது. ஏதாவது ஒரு நிரல் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பப் பார்த்தால் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று எழும். 'சம்மதம்' என்ற பட்டன் சில விநாடி கழித்துத்தான் உயிர்பெறும். முந்நூறு சம்பளச் சீட்டு என்றால் முந்நூறு தடவை காத்திருந்து அழுத்த வேண்டும். திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரர்தான் அதிகம் சிரமப்பட்டார். ஆனாலும் அது போட வேண்டிய பூட்டு என்பதே என் கட்சி.

இப்போது பூட்டு சர்வர் பக்கம் போய்விட்டது. 2022 மே 30 முதல், சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் நீட்டும் மென்பொருள்களை ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் அனுமதிப்பதில்லை. பழைய கணக்கு மென்பொருள்களுக்கு இன்று கிடைக்கும் பதில் 535, அதாவது 'உன்னை நம்ப முடியவில்லை'.

இதற்கு வழி இருக்கிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிக்கொண்டால், அந்த ஒரு மென்பொருளுக்கென்றே 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை ஜிமெயிலில் உருவாக்கிக்கொள்ளலாம். கடை, அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை எந்த மென்பொருளிலும் எழுதிவைக்காதீர்கள். தனிக் கடவுச்சொல்லையே கொடுங்கள். அதைக் கையாண்ட ஊழியர் வேலையை விட்டுப் போனால் அன்றே அதை ரத்து செய்துவிடுங்கள். உங்கள் மின்னஞ்சல் கணக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது.