வீட்டோடிருக்கும் முதியோரும் சலரோகக் குளிசையும்

மாதத்தில் ஒரு நாள், பொழுது விடியுமுன்னரே, அரசினர் வைத்தியசாலையின் சலரோகக் கிளினிக் வாயிலில் ஒரு வரிசை உண்டாகிவிடும். அவ்வரிசையில் நிற்போர் அனைவரும் நோயாளர் அல்லர். கையிலே கொப்பியுடன் நிற்கும் நடுத்தர வயதுப் பெண்கள் சிலரையும், சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு வரும் ஆண்கள் சிலரையும் அங்கே காணலாம். அவர்கள் வந்திருப்பது தமக்காக அன்று. வீட்டிலே கட்டிலோடும் கதிரையோடும் காலங்கழிக்கும் தாய்க்காகவோ தந்தைக்காகவோ வந்திருக்கிறார்கள். நடக்கமாட்டாத முதியவரை ஓட்டோவில் ஏற்றி இறக்கி, வாங்கில் மணிக்கணக்காக இருத்தி வைத்தல் எளிதான காரியம் அன்று. ஆகவே, ஆள் வீட்டில் இருக்கக் கொப்பி மட்டும் கிளினிக்குக்குப் போகிறது. கொப்பியைப் பார்த்து மருந்து எழுதப்படுகிறது. மருந்து வீட்டுக்கு வருகிறது.

இதனைக் குற்றமாகக் கூறுவதற்கில்லை. காசு வாங்காமல் வைத்தியமும் மருந்தும் தரும் ஏற்பாடு இந்நாட்டு மக்களுக்கு வாய்த்த பெரும் பேறு. ஆயினும், கொப்பி பேசாது. முதியவர் சென்ற மாதத்திலும் மெலிந்துவிட்டார் என்பதையோ, இரண்டு இடியப்பத்துக்கு மேல் உண்ணமாட்டேன் என்கிறார் என்பதையோ, விடியற்காலையில் வியர்த்துக் கொட்டுகிறது என்பதையோ அது தானாக எடுத்துச் சொல்லாது. சொல்லவேண்டியவர் அதனைக் கொண்டு போனவர். அவரோ, வரிசை நீளம், வைத்தியருக்கு வேலை மிகுதி, நமக்கென்ன தெரியும் என்று எண்ணி வாய்திறவாமல் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

வலிகாமத்து ஊர் ஒன்றிலே நிகழ்ந்தது இது. எண்பத்துநான்கு வயதுத் தாய்; கிணற்றடியில் வழுக்கி விழுந்த நாள் முதலாக வீட்டை விட்டு வெளியே போகாதவர். உடன் இருப்பவள் கணவனை இழந்த மகள். மகன் கனடாவில். ஒரு மார்கழி மழைக்காலத்தில் தாய்க்குச் சளி முற்றி மூச்சு இழுத்தது. வைத்தியசாலையில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். இழுப்புத் தணியப் பிறெட்னிசலோன் என்னும் குளிசை கொடுக்கப்பட்டது. மூன்றாம் நாட் பின்னேரம் குருதியிலே சீனியை அளந்தபோது 236 இருந்தது. சலரோகம் என்று கொப்பியில் எழுதி, மெற்போமினும் கிளிக்லசைட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு முன்னர் அவருக்குச் சலரோகம் என்று எவரும் கூறியதில்லை. வீட்டுக்கு வந்த பின்னர் எவரும் மீண்டும் அளந்து பார்க்கவும் இல்லை. மாதந்தோறும் கொப்பி போயிற்று; மாதந்தோறும் குளிசை வந்தது.

அயலவர் யாவரும் ஆலோசனை கூறினர். வீட்டிலே சோறு பாதியாகக் குறைந்தது. வாழைப்பழம் நின்றது. பால்தேநீரில் இருந்து சீனி போயிற்று. தாய்க்குப் பசியும் போயிற்று. நான்கு மாதத்தில் சட்டை தோளிலே நில்லாமல் வழுகலாயிற்று. விடியற்காலையில் மகளை, முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தம் தங்கையின் பெயரால் அழைப்பார். காலை உணவு உள்ளே போனதும் தெளிந்துவிடுவார். வயது போனால் இப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மகளும் அவ்வாறே நம்பினாள்.

ஒரு நாள் விடியுமுன் தாயின் தலையணை நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. மகள் ஓடிப்போய் அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற தாதியை எழுப்பினாள். அவர் தம் கருவியைக் கொண்டுவந்து விரல் நுனியிற் குத்திப் பார்த்தார்: 48. “பிள்ளை, வாய்க்குள்ளே ஒன்றும் ஊற்றாதே, புரைக்கேறிவிடும்” என்று தடுத்து, 1990 இலக்கத்துக்கு அழைக்கச் சொன்னார். நோயாளர் வண்டி வந்தது. நாளத்தில் குளுக்கோசு ஏறியதும் தாய் கண் திறந்து, ஏன் இத்தனை பேர் நிற்கிறீர்கள் என்று கேட்டார்.

அன்றிரவு கனடாவிலிருந்து மகன் பேசினான். அம்மாவுக்குச் சலரோகமே இல்லை, எல்லாக் குளிசையையும் எறிந்துவிடு என்பது அவன் தீர்ப்பு. மகளுக்கோ இப்பாலும் அச்சம், அப்பாலும் அச்சம். கொடுத்தால் மீண்டும் அந்த விடியற்காலை வந்துவிடுமோ? கொடாவிட்டால் சீனி ஏறித் தாய் இறந்துபோவாரோ? இத்தகைய இக்கட்டு நம் வீடுகளில் அரிதன்று. ஆகையால் இதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும்.

முதலாவது வினா, சலரோகம் உண்டா என்பது. இது அளவினால் நிர்ணயிக்கப்படும் நோய். உணவின்றி இராப்பொழுதைக் கழித்தபின் நாளத்திலிருந்து எடுத்த குருதியில், ஒரு தெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால் சலரோகம் எனக் கொள்வர். முன்னாளில் இவ்வெல்லை 140 ஆக இருந்தது. 1990களின் பிற்பகுதியிலேதான் 126 ஆகக் குறைக்கப்பட்டது. மற்றொரு சோதனை, ஈமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சீனியை அளப்பது; ஏ1சி என்பர். கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை அது காட்டும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலரோகம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றுக்கொண்டது. மிகுந்த தாகம், அடிக்கடி சலம் கழித்தல் முதலிய அறிகுறிகள் இல்லாதவிடத்து, ஒரு சோதனையோடு நின்றுவிடாமல் இன்னொரு முறையும் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும் என்பது விதி.

அந்தத் தாயின் 236 எப்போது எடுக்கப்பட்டது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க. கடும் நோயின் நடுவே உடம்பு தானே சீனியை உயர்த்தும். பிறெட்னிசலோனும் அதனை உயர்த்தும். அதிலும் காலையில் விழுங்கினால் பின்னேரத்திலேதான் மிகுதியாக உயர்த்தும். நோய் தீர்ந்து அம்மருந்தும் நின்றபின், பலருக்கு அளவு இறங்கிவிடும். சிலருக்கோ இறங்காது, அவர்களிடம் முன்னரே மறைந்திருந்த சலரோகம் அப்போது வெளிப்பட்டது எனக் கொள்ளவேண்டும். எது உண்மை என்பதை ஊகத்தால் அறிய இயலாது. சில வாரம் கழித்து மீண்டும் அளந்தே அறியலாம். அந்த ஒரு சோதனை அந்த வீட்டில் நடவாமற் போனதே இத்தனைக்கும் மூலம்.

ஏ1சி சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகை உள்ளவரிடம் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் குருதி ஏற்றப்பட்டவரிடம் பிழையான கணக்கைத் தரலாம். முதியோரிடத்து இரத்தசோகை சாதாரணம். ஆகவே ஈமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவ்விலக்கத்துக்குப் பொருள் முழுமையாகாது. வீட்டிலே விரலிற் குத்திப் பார்க்கும் கருவி அன்றாட நிலையை அறியப் பயன்படும். நோய் உண்டா இல்லையா எனத் தீர்ப்பதற்கு அது உரியதன்று. மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் அதனாற் சோதித்து, முந்நூறு என்று கண்டு நடுங்கியவர்களும் உளர்.

இனி, குளிசைகள். எல்லாச் சலரோகக் குளிசையும் ஒரே வகை என்று நினைப்பது பெரும் பிழை. மெற்போமின் தனியே கொடுக்கப்படும்போது சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் அது வயிற்றைப் புரட்டும், பசியைக் கெடுக்கும், நெடுங்காலம் உண்டால் விற்றமின் பீ12 குறையலாம், சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்க்கு அது ஆகாது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவை வேறு இனம். அவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. முதியவர் உண்டாரா, உண்ணவில்லையா என்று அவை கேட்பதில்லை. உண்ணாவிட்டாலும் சுரக்கச் செய்யும், சீனி விழும். இவற்றுள் கிளிபென்கிளமைட்டின் வேலை நெடுநேரம் நீடிப்பதால் முதியோருக்கு அதனைத் தவிர்ப்பதே நன்று என்பது இன்று வைத்தியருலகம் பெரிதும் ஒப்புக்கொண்ட கருத்து.

அந்த வீட்டிலே நிகழ்ந்தது இப்பொழுது விளங்கும். ஒரு குளிசை பசியைக் குறைத்தது. அயலவர் ஆலோசனை சோற்றைக் குறைத்தது. மற்றைக் குளிசை வெறும் வயிற்றிலும் தன் வேலையைச் செய்தது. விடியற்காலையிலே தங்கையின் பெயரால் மகளை அழைத்தது முதுமையின் மறதி அன்று. மூளைக்குச் சீனி எட்டாமையாகும். 70க்குக் கீழே போனாலே சீனிக்குறைவு எனப்படும். இளையவருக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். முதியவருக்கு அவை தோன்றாமலே தடுமாற்றமும் உளறலும் வீழ்ச்சியும் வரலாம். இருதயத்துக்கென உண்ணும் சில குளிசைகள் அந்தப் படபடப்பை மறைத்தும் விடும். தெளிவோடு விழுங்கக்கூடியவராயின் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடியும் பார்க்கவேண்டும். கிளிக்லசைட் போன்றவற்றால் வந்த குறைவு, ஒருமுறை தெளிந்த பின்னும் திரும்பி வரும். ஆதலால் எழுந்து இருந்துவிட்டார் என்று வைத்தியசாலைக்குப் போகாமல் விடுவது தவறு.

சீனியை எவ்வளவு இறக்கினாலும் நன்மையே என்று கருதிய காலமும் இருந்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த ‘அக்கோட்’ என்னும் ஆராய்ச்சியில், இருதய நோய் அபாயம் உள்ளவர்களின் ஏ1சியை 6க்குக் கீழே இறக்க முனைந்த பிரிவில் இறப்புக் கூடியதாகக் கண்டு, அம்முயற்சியை இடையிலே நிறுத்தினர். தளர்ந்த முதியவருக்கு 8 வரை இருப்பினும் அமையும் என்றும், மிக நலிந்தவருக்கு இலக்கத்தைத் துரத்தாமல், சீனி விழாமலும் தாகமும் சோர்வும் வருமளவுக்கு ஏறாமலும் காத்தலே போதும் என்றும் இன்று கூறுகின்றனர். பல நோய்களுடன் எண்பதைக் கடந்தவருக்கு நாற்பது வயதுக்காரரின் இலக்கை வைப்பது நியாயமன்று.

நிற்க. இவற்றைக் கேட்டு, கனடாவில் இருக்கும் மகன் சொன்னதே சரி என எவரும் முடிவுசெய்தல் ஆகாது. பதினைந்து ஆண்டு சலரோகம் உள்ள தந்தையின் குளிசையை, ‘இப்போது அவர் மிகக் குறைவாகத்தானே உண்கிறார்’ என்று தாமாகவே நிறுத்திய வீடும் உண்டு. முதியவருக்குத் தாகம் மங்கிவிடும்; சீனி ஏறுவதும் உடம்பு நீரிழப்பதும் வெளியே தெரியா. மூன்றாம் வாரம் அவர் உறக்கம் போன்ற மயக்கத்தில் ஆழ்ந்தார், பிழைத்தது தற்செயல். இன்சுலின் ஏற்றுவோர் தாமாக அதனை நிறுத்துவது இதனினும் கொடிது. 1922ஆம் ஆண்டு தொறொன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும்வரை, இளம் வயதில் வந்த சலரோகம் மரண ஓலையாகவே இருந்தது. மருந்தை ஐயுறுவது வேறு, எறிவது வேறு.

அந்த மகள் எறியவில்லை. அயல்வீட்டுத் தாதி சொல்லிக் கொடுக்க, ஒரு தாளிலே எழுதிக்கொண்டாள். முதற் சோதனை எடுத்த நாளில் அம்மாவுக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதை எழுதினாள். ஒரு கிழமை முழுவதும் தாய் உண்டதை வேளைவாரியாகக் குறித்தாள். சட்டை வழுகுவதையும், விடியற்காலைத் தடுமாற்றம் வந்த நாட்களையும், 48 என்ற இலக்கத்தையும் எழுதினாள். வீட்டிலிருந்த எல்லாக் குளிசைகளையும், இருதயக் குளிசை உட்பட, உறையோடு பையிலே போட்டுக்கொண்டாள். கீழே மூன்று கேள்விகள்: சலரோகம் என்பதை மீண்டும் சோதித்து உறுதிசெய்யலாமா? இவற்றுள் சீனியை விழச் செய்வது எது? அம்மா உண்ணாத நாளில் குளிசையை என்ன செய்வது?

வரிசையில் அவள் முறை வந்தது. வைத்தியர் இளைஞர். கொப்பியை விரிக்குமுன் தாளைக் கையில் வாங்கி இருமுறை வாசித்தார். “அக்கா, இதை முதலே ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லையே” என்றார். கோபமாகச் சொன்னதன்று. கிளிக்லசைட்டை அன்றே நிறுத்தினார். சிறுநீரகத்தையும் ஈமோகுளோபினையும் பார்க்க எழுதிக்கொடுத்தார். குருதி எடுக்க வீட்டுக்கே ஆள் வரும் ஆய்வுகூடம் ஒன்றை மகள் தேடிப் பிடித்தாள். ஈமோகுளோபின் 9.2, ஏ1சி 6.4. சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தது. இரத்தசோகைக்கு மருந்து தொடங்கி, மெற்போமினையும் நிறுத்தினார். விரற்சோதனையை வாரம் இருமுறை எழுதிவரச் சொன்னார். 250க்கு மேல் ஏறினாலோ, தாய் வழமைக்கு மாறாக உறங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே கொண்டுவரவேண்டும் என்றும் சொன்னார்.

இரு மாதம் கழித்து, உண்ணாதிருந்து எடுத்த குருதியில் முதல் முறை 114, இரண்டாம் முறை 119. சலரோகம் எனச் சொல்லப்போதாது. முற்றும் சுகம் எனவும் சொல்லமுடியாது. ‘குளிசை வேண்டாம். மூன்று மாதத்தில் மறுபடியும் பார்க்க’ என்று வைத்தியர் கொப்பியில் எழுதினார். பழைய பக்கத்தில் இருந்த சலரோகம் என்ற சொல்லின் கீழே ஒரு கோடிட்டுக் கேள்விக்குறியும் போட்டார்.

கனடாவுக்கு அச்செய்தி போனபோது, நான் அப்போதே சொன்னேன் என்றான் மகன். மகள் பதில் சொல்லவில்லை. தாய் கேட்டது வேறொன்று: தேநீருக்குச் சீனி போடலாமா என்பது. அரைக் கரண்டி என்று ஒப்பந்தமாயிற்று.