காசில் நின்ற பேரீச்ச மரம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



உங்கள் பையில் ஓர் ஐம்பது காசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் செம்பருத்திப் பூ இருக்கும். நம் நாட்டு மலர். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அந்தப் பூ தெரியும், இல்லீங்களா?

படத்தின் இந்தச் சக்தியை ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் நன்றாக அறிந்திருந்தார்கள். பொன், வெள்ளி நாணயங்கள் அங்கே உண்டு. ஆனால் சாதாரண மக்கள் கையில் அன்றாடம் புழங்கியவை செம்பு, பித்தளைக் காசுகள்தாம். வெண்கலக் காசுகள் என்று பொதுவாகச் சொல்வார்கள். செய்தித்தாள் இல்லாத காலம் அல்லவா? அரசன் சொல்ல நினைத்ததைக் காசிலே படமாக அடித்தான்.

கி.பி. 118-இல் ஹாட்ரியன் என்ற சக்கரவர்த்தி, மக்கள் அரசுக்குக் கட்டவேண்டிய பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்தார். 90 கோடி செஸ்டெர்ஸ்! கடன் பத்திரக் குவியலுக்கு ஒரு சேவகன் தீ வைப்பதுபோல் காசு வெளிவந்தது. கடைக் கடனில் தவித்த நம் தாத்தாமார்கள் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

ஆனால் காசுக்கு இன்னொரு முகமும் உண்டு. கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் நகரத்தை அழித்தது. மறு ஆண்டு வெஸ்பாசியன் வெளியிட்ட காசில் ஒரு பேரீச்ச மரம். அதன் ஒரு பக்கம் வென்ற சக்கரவர்த்தி கம்பீரமாக நிற்கிறார். மறு பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் யூதேயா நாடு. அந்தப் பெண்ணை யாரும் கேட்டு அந்தப் படத்தைப் போடவில்லை. வென்றவன் சொன்ன கதை அது.

கி.பி. 132-இல், அதே ஹாட்ரியன் ஆட்சியில், யூத மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? ரோமக் காசுகளையே எடுத்து, சக்கரவர்த்தியின் முகத்தைத் தேய்த்துவிட்டு, அதன்மேல் தங்கள் அச்சைக் குத்தினார்கள். ஒரு பக்கம் அதே பேரீச்ச மரம். அழும் பெண் இல்லை. மறு பக்கம் திராட்சை இலை; சுற்றிலும் தங்கள் சொந்த எழுத்தில் விடுதலை என்ற சொல்.

135-இல் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. ஆனால் அந்தக் காசுகள் அரும்பொருளகங்களில் இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன.

அன்புப் பிள்ளைகளே, நம்மைப்பற்றி மற்றவர்கள் எழுதியது போதும். பால்மரக் காட்டில் விடியுமுன் விளக்கோடு நடந்த உங்கள் பாட்டியின் கதையை யார் எழுதுவார்கள்? உங்கள் கையில் சொந்த எழுத்து இருக்கிறது. இன்று இரவே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்; ஒரு பக்கமாவது தமிழில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.