ஆத்தங்குடியில் அரை நாள்



விடுமுறைக்குப் பிள்ளைகளோடு காரைக்குடிப் பக்கம் போகிறீர்கள். பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். நமக்கு அதிசயம். பிள்ளைகளுக்கோ இரண்டாவது வீட்டிலேயே கால் வலிக்கும்.

அவர்களை அருகிலுள்ள ஆத்தங்குடிக்கு அழைத்துப் போங்கள். அந்த வீடுகளில் பதிக்கும் தரைக்கல்லை அங்கே கையாலேயே செய்கிறார்கள். செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் ஓர் உலோக அச்சு. அச்சின் கட்டங்களுக்குள் வண்ண சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள், தோசைக்கு மாவு ஊற்றுவதைப் போல. அச்சை மெல்லத் தூக்கினால் பூ தெரியும்! மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை கிடையாது. நெருப்பே கிடையாது. கடைசியில் கண்ணாடியை எடுத்தால் கல் பளபளக்கிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கும் வந்திருக்கிறது. இதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த செட்டிநாட்டு வீட்டின் தரையைக் குனிந்து பார்க்கும். பாருங்கள், அதுவரை அது வெறும் தரை.

பட்டறைக்காரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஈர சிமெண்ட் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். பார்க்கலாம், தொட வேண்டாம்.

பனிக்காலமா? திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கும் போங்கள். பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. காரணத்தை ஊர்ப் பெரியவரிடம் உங்கள் பிள்ளையே கேட்கட்டும்: "ஏன் தாத்தா வெடிக்க மாட்டீங்க?"

குடிதண்ணீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும்.