ஒரு சொட்டுக் கடல்நீரை அளக்கக் கற்பிப்போம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பகுதிகளிலிருந்து தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். நான் பேச எடுத்துக்கொண்டது மின் நிலையத்துக்குள் ஓடும் தண்ணீர். ‘இது நம் பாடநூலில் எங்கே இருக்கிறது?’ என்று சிலருக்குத் தோன்றலாம். ஆவியாதல், அமிலம், காரம், பி.எச்., துருப்பிடித்தல், கரைசலின் செறிவு என்று நாம் தனித்தனியாக நடத்தும் பாடங்கள் அத்தனையும் அந்தத் தண்ணீரில் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நம் பிள்ளைகளுக்கு மின் நிலையம் புதிதல்ல. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலிருந்து ஓடுகிறது. அங்கே 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், பிறகு வந்த 600 மெகாவாட் அலகுகள் இரண்டும் இருக்கின்றன. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் அப்பாவோ மாமாவோ அங்கே வேலை செய்கிறார். புகைபோக்கி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. உள்ளே ஓடும் தண்ணீர்தான் யாருக்கும் தெரிவதில்லை.

இதே கடற்கரையில் தெற்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தில் தலா 220 மெகாவாட் அலகுகள் இரண்டு. முதல் அலகு 1984இலும் இரண்டாவது 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அங்கே மூன்று தண்ணீர் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதலாவது கனநீர். அது யுரேனிய எரிபொருளின் வெப்பத்தை எடுத்து வருகிறது. இரண்டாவது சாதாரண நீர். ஆனால் மிக மிகத் தூய்மையானது. மெல்லிய குழாய்ச் சுவர் வழியாகக் கனநீரின் வெப்பத்தை வாங்கி, ஆவியாகி, டர்பைனைச் சுழற்றுகிறது. மூன்றாவது கடல்நீர். டர்பைனைவிட்டு வரும் நீராவியைக் கண்டன்சர் என்னும் கலத்தில் குளிர்வித்து மீண்டும் நீராக்குகிறது. அந்த நீர் திரும்ப பாய்லருக்குப் போகிறது. மூன்று தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்; ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. அத்திப்பட்டில் கனநீர் கிடையாது. மற்ற இரண்டும் அங்கேயும் உண்டு.

இரண்டாவது தண்ணீரைக் காப்பதுதான் வேதியியலாளரின் வேலை. அதற்கு முதல் எதிரி கடல். கண்டன்சருக்குள் நீராவி குளிர்ந்து சுருங்குவதால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் நீராவி வெளியே போகாது. கடல்நீர்தான் உள்ளே வரும். உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கும் குழந்தைக்கும் இது புரியும்.

‘ஒரு சொட்டுதானே டீச்சர், அதனால் என்ன ஆகிவிடும்?’ என்று ஒரு பிள்ளை கேட்கலாம். கேட்கட்டும். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம். பள்ளி மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தொட்டியைச் சுத்தமான நீரால் நிரப்பி, ஒரு மில்லிலிட்டர் கடல்நீர் விட்டால், லிட்டருக்கு 19 மைக்ரோகிராம் குளோரைடு சேரும். ஒரு மில்லிலிட்டர் என்பது சுமார் 20 சொட்டு. ஆக, ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோகிராம். நூறு கோடியில் ஒரு பங்கு என்று நாம் கரும்பலகையில் எழுதும் அளவு இதுதான். மின் நிலைய வேதியியலாளர் சோடியத்தையும் குளோரைடையும் இந்த அளவில்தான் கவனிக்கிறார். நாம் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள் இருப்பதை இந்தியத் தரநிலை ஏற்கிறது. அது 5 லட்சம் மைக்ரோகிராம். குடிக்க நல்ல நீர் பாய்லருக்கு நல்ல நீர் அல்ல என்பது இங்கே விளங்கிவிடும்.

இவ்வளவு சிறிய அளவுக்கு ஏன் பயப்பட வேண்டும்? உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியிலிருந்து நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். பாய்லருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. நாள் முழுவதும் ஆவி வெளியேற, உள்ளே வந்த உப்பு மட்டும் தங்கித் தங்கிச் செறிவடைகிறது. குழாய்கள் சந்திக்கும் இடுக்குகளில், படிந்த வண்டலுக்கு அடியில், இன்னும் பல மடங்கு செறிவாகிறது. அங்கேதான் உலோகம் அரிக்கத் தொடங்கும். அணுமின் நிலையத்தில் கனநீருக்கும் இந்த நீருக்கும் நடுவே இருக்கும் குழாய்ச் சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதனால்தான் பாய்லர் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஊழியர்கள் அதை ‘ப்ளோ டவுன்’ என்பார்கள்.

இரண்டாவது எதிரி ஆக்சிஜன். நீரைச் சூடாக்கிக் கரைந்த காற்றை வெளியேற்றுகிறார்கள். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நீக்க ஹைட்ரசின் சேர்க்கிறார்கள். அது ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நைட்ரஜனையும் நீரையும் தரும்; உப்பு எதுவும் மிஞ்சாது. ஆனால் ஹைட்ரசின் நச்சுப்பொருள். பள்ளி ஆய்வகத்தில் அதற்கு இடமே இல்லை.

மூன்றாவது, பி.எச். அளவு. இரும்பு அரிக்காமல் இருக்க நீரைச் சற்றே காரமாக வைக்க வேண்டும். அதற்குப் பரவலாகப் பயன்படுவது அம்மோனியா. இந்தப் பெயரைக் கேட்டாலே எண்ணூர்ப் பிள்ளைகளின் முகம் மாறும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலோடு வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் நம் வகுப்பறைகளில் இருக்கின்றன. அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்த முடியாது. அதே பொருள், தூய நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகச் சேர்ந்தால் பி.எச். 9.3 வரை உயர்ந்து இரும்பைக் காக்கிறது. அளவு கூடினால், நீரில் ஆக்சிஜனும் இருந்தால், செம்பு கலந்த குழாய்களை அதுவே அரிக்கிறது. பொருளின் பெயரை மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. எங்கே, எவ்வளவு, யார் கட்டுப்பாட்டில் என்று கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும். அந்தக் கேள்வியை ஒரு தொழிற்சாலையிடம் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

அம்மோனியாவால் இன்னொரு சிக்கல். கடல்நீர் கசிகிறதா என்று அறிய நீரின் மின்கடத்துத்திறனை அளப்பார்கள். அம்மோனியாவும் மின்சாரத்தைக் கடத்த உதவுவதால், சிறிதளவு உப்பு அதன் பின்னால் மறைந்துகொள்ளும். அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மாதிரி நீரை நேர் அயனி ரெசின் நிரப்பிய குழாய் வழியாக அனுப்புகிறார்கள். ரெசின் அம்மோனியம் அயனியைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அது ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து நீராகிவிடும். சோடியம் குளோரைடோ ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறும். ஹைட்ரஜன் அயனி சோடியம் அயனியைவிடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். மறைந்திருந்த உப்பு இப்போது மீட்டரில் தெரிந்துவிடும். மேல்நிலை வகுப்பில் அயனிப் பரிமாற்றம் நடத்தும்போது இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும்.

அளப்பதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானில் மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகில், 2004 ஆகஸ்ட் 9 அன்று, இதே இரண்டாவது சுற்றின் குழாய் ஒன்று வெடித்தது. வெந்நீரும் நீராவியும் பீறிட்டு 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். 6 பேர் காயமடைந்தார்கள். கதிர்வீச்சுக் கசிவு இல்லை. கொதிநீரே கொன்றது. 10 மில்லிமீட்டர் தடிமனாக இருந்த குழாய்ச் சுவர், வேகமாக ஓடும் வெந்நீரால் கரைந்து கரைந்து ஓரிடத்தில் மிகவும் மெலிந்துபோயிருந்தது. 1976இல் நிலையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து அந்த இடத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டுப் போயிருந்தது. நீரின் வேதியியல் தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அளந்துதான் அறிய முடியும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம்.

தொடக்கப்பள்ளியில், மழைநீர், தெருக்குழாய்த் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து மூன்று எவர்சில்வர் தட்டுகளில் வெயிலில் வையுங்கள். காய்ந்த பின் எந்தத் தட்டில் வெள்ளைத் தடம் அதிகம் என்று பிள்ளைகள் வரைந்து காட்டட்டும். நடுநிலை வகுப்புகளில், செம்பருத்திச் சாற்றைக் கொண்டு எலுமிச்சைச் சாறு, சோப்பு நீர், குழாய் நீர் ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஆணி துருப்பிடிக்கும் சோதனையில் கடல்நீர்ப் பாட்டில் ஒன்றையும், கொதிக்க வைத்து ஆறிய நீரின் மேல் எண்ணெய் ஊற்றிய பாட்டில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர்நிலை வகுப்புக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டரும், கையடக்க டி.டி.எஸ். மீட்டரும் போதும். ஒவ்வொரு மில்லிலிட்டராகக் கடல்நீர் சேர்த்து அளந்து வரைபடம் போடட்டும். மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 35 மில்லிகிராம் வீதம் உயர வேண்டும். மின் நிலையத்தில் பார்க்கும் அளவு இதைவிட ஆயிரம் மடங்கு சிறியது என்று அப்போது சொல்லுங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மீட்டர் 35 காட்டாமல் 48 காட்டும் குழு ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து 35 என்று எழுதுவார்கள். செய்முறைத் தேர்வுக் குறிப்பேட்டில் முந்தைய ஆண்டு எண்களைப் பார்த்து எழுதும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. ‘சரியான விடை’ வந்தால் மதிப்பெண் என்று நாம் வைத்திருப்பதால்தான் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். மின் நிலையத்தில் இரவுப் பணியில் இருப்பவர், வழக்கமாக 2 காட்டும் சோடியம் இன்று 6 காட்டும்போது, பதிவேட்டில் 2 என்று எழுதினால் என்ன ஆகும்? காலையில் வருபவருக்குக் கசிவு தெரியாது. குழாயைத் தேடி அடைக்கவும் மாட்டார்கள். உப்பு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். 48 வந்தால் 48 என்றே எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். ஏன் 48 வந்தது என்று தேடிக் கண்டுபிடித்தால் கூடுதலாகக் கொடுங்கள். பிப்பெட் தவறா, பாத்திரம் கழுவாததா, மீட்டர் பழுதா என்று அந்தக் குழுவே தேடட்டும். இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை இதே அத்திப்பட்டிலோ கல்பாக்கத்திலோ மணலியிலோ பதிவேட்டின் முன் உட்காரப் போகிறார்கள். அவர்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் உள்ளே மற்றவர்கள் வேலை செய்வார்கள். வெளியே நம் ஊர் உறங்கும்.