மைதானம் எங்கே?

(அலுவிகாரையில் 2025 ஜூலை மாதம் நடந்த கிளைக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, தோழர்களே, மலையில் இருந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்திருக்கிற அம்மாமார்களே, பின்னுக்குக் கதவோரம் நிற்கிற தம்பிமாரே!

இந்தக் கூட்டங்களில் சம்பளத்தைப் பேசுவோம், வீட்டைப் பேசுவோம், காணியைப் பேசுவோம். இன்று உதைபந்தாட்டம் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் தலைவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கதவோரம் நின்ற தம்பிமார் மட்டும் இரண்டு அடி உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் உள்ளே வரவேண்டும் என்றுதான் இதை எடுத்தேன்.

ஜூன் 10ஆம் திகதி பொசன் போயா. விகாரைக்கு வந்த சனத்தால் நம்ம வீதியில் பஸ் நகர இடமில்லை. அன்றைக்குத்தான் கொழும்பில் நம்ம நாட்டு அணி ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சைனீஸ் தாய்பே அணியை 3-1 என்று வென்றது. கையில் போன் இருந்தவனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடை வாசலில் அந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை. வாயால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு தம்பி சொன்னான்: "குவைத் கோச் வந்த பிறகுதான் டீமுக்கு ஒரு ஒழுங்கு வந்திச்சு. மார்ச் மாசம் தாய்லாந்துக்குப் போய் ஒரே ஒரு கோல்தான் வாங்கினோம்."

லொறி ஓட்டுகிற அண்ணன் விடவில்லை. "ஒரு கோல்ல தோத்தாலும் தோல்விதானே? எல்லாரும் கோலுக்கு முன்னால நின்னு அடைச்சா எப்ப கோல் அடிக்கிறது?"

பென்சன் எடுத்த கங்காணி மாமா ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். இது முதல்ல நம்ம டீமா? ஒருத்தன் ஜேர்மனி, ஒருத்தன் லண்டன், ஒருத்தன் சுவீடன். 95இல கொழும்பில வச்சு இந்தியாவை 1-0 அடிச்சு தெற்காசியக் கிண்ணம் எடுத்தோமே, அதுதான் டீம். இங்க மண்ணுல உருண்ட பொடியன்கள்."

என்னிடம் படிக்கிற பையன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, பரத் சுரேஷ், ஆதவன் ராஜமோகன், இதெல்லாம் தமிழ்ப் பேர்தானே."

மாமா சொன்னார்: "பேர் தமிழ்ப் பேர்தான்டா. ஆள் நம்ம ஆளா?"

பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அந்தக் கேள்வியும் என்னோடு ஏறிவிட்டது. அதைத்தான் இன்று உங்கள் முன்னால் இறக்கி வைக்கப் போகிறேன்.

முதலில் லொறி அண்ணனுக்கு ஒரு பதில். பலமான அணிக்கு எதிராகப் பின்னுக்கு இறங்கி அடைத்து ஆடுவது பயந்த ஆட்டம் இல்லை. அம்மாமார்களுக்கு இது நன்றாக விளங்கும். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. ஒருத்தி நிரையை விட்டுவிட்டுப் போனால் அந்த நிரை எடுபடாமல் கிடக்கும், எல்லார் கண்ணிலும் படும். பின்களமும் அப்படித்தான். நாலு பேரும் ஒன்றாக முன்னே வரவேண்டும், ஒன்றாகப் பின்னே போகவேண்டும். ஒருவன் ஆசையில் தனியாக முன்னே பாய்ந்தால் அவன் விட்ட இடத்தால்தான் எதிரணி உள்ளே வரும். அதனால் ஒரு கோலோடு திரும்பி வந்தது சின்ன வேலை இல்லை. ஆனால் அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பந்தைப் பிடித்த பிறகு அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாவிட்டால், அடைப்பது மட்டும் போதாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோற்றால் நாம் யாரைத் திட்டுகிறோம்? கோல்காப்பாளரை, வாய்ப்பைத் தவறவிட்டவனை. கடைசியாகப் பந்தைத் தொட்டவன்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறான். 2023 ஜனவரியில் சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி பீபா நம்ம நாட்டைத் தடை செய்தது. ஓகஸ்ட் மாதக் கடைசி வரை சர்வதேச ஆட்டமே கிடையாது. தடை நீங்கி ஒன்றரை மாதத்தில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் யேமனைச் சந்தித்தார்கள். முதல் ஆட்டத்தில் 3-0 தோல்வி, கொழும்பில் 1-1 சமநிலை. அதோடு வெளியே. அன்றைக்கு ஆடியவர்களைத் திட்டினோம். ஏழு மாதம் அவர்களை ஆடவிடாமல் வைத்தவர்களை யார் திட்டினார்கள்? அடுத்த வருஷம் செப்டெம்பரில் அதே நாடு கம்போடியாவோடு அங்கே 0-0, இங்கே 2-2 என்று ஆடி, பெனல்டியில் 4-2 என்று வென்று இந்தத் தகுதிச் சுற்றுக்குள் வந்தது. தோட்டத்திலும் இதே பழக்கம்தானே? கிலோ குறைந்தால் எடுத்தவளுக்குத் திட்டு. புல்லு வெட்டாமல், பசளை போடாமல் மலையைக் காடாக விட்டவனுக்குத் திட்டு இல்லை.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஆள் நம்ம ஆளா?

ஒரு நாட்டுக்காக ஆடுவதற்கு முதலில் என்ன வேண்டும்? வேகமா, உயரமா? இல்லை. குடியுரிமை வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்ம பாட்டன் பாட்டிமாரிடம் என்ன கேட்டது? "நீ இந்த நாட்டு ஆளா?" என்று கேட்டது. இங்கே பிறந்து, இங்கே மலை வெட்டி, இங்கேயே புதைந்த அப்பனுக்குப் பிறந்தவர்களிடம் கடதாசி கேட்டது. கடதாசி இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் அங்கே, 3 லட்சம் பேர் இங்கே, மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த நிலைமை முழுதாக முடிவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காத்திருந்தோம். 55 வருஷம்.

அந்த 55 வருஷத்தில் நம்ம லயங்களில் பந்து உதைத்தவர்கள் இல்லையா? மாமா, உங்கள் வயதில் இருக்கிறவர்களைக் கேளுங்கள். பிரட்டுக் களத்தில் துணிப்பந்து கட்டி ஆடியவர்களின் கதை ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறது. நாட்டு அணிக்குப் போகிற அளவுக்கு ஒருவன் ஆடியிருந்தாலும் அவனுக்குக் கடவுச்சீட்டு எங்கே? ஆகையால் "நீ நம்ம ஆளா" என்ற கேள்வியை யார் கேட்டாலும் நாம் கேட்கக்கூடாது. அந்தக் கேள்வியின் சூடு நமக்குத் தெரியும். கிளவுடியோ கமெர்க்னெக்ட் ஜேர்மனியில் பிறந்தவர், டிலன் டி சில்வா லண்டனில் வளர்ந்தவர். அவர்களின் அப்பாவோ அம்மாவோ பாட்டனோ இந்த மண்ணில் இருந்து போனவர்கள். அவர்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினால் அவர்கள் நம்ம ஆட்கள்தான்.

அப்படியென்றால் மாமா சொன்னதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அவர் கேட்க நினைத்தது வேறு கேள்வி. ஆட்களைத் தேடி ஜேர்மனிக்கும் சுவீடனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் ஏன் நம்ம மலைக்கு ஏறி வரவில்லை? அதைத்தான் அவர் கேட்டிருக்கவேண்டும்.

பதில் பிள்ளைகளின் காலில் இல்லை. கமெர்க்னெக்ட் ஃப்ரைபர்க் கழகத்தின் இளைய அணியில் ஆடியவர். டி சில்வா லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தில் பயிற்சி பெற்றவர். அங்கே எட்டு, ஒன்பது வயதிலேயே ஒரு பிள்ளைக்குச் சமமான புல்தரை, வயதுக்கு ஏற்ற பந்து, வாரத்தில் பல நாள் சொல்லிக்கொடுக்க ஒருவர் என்று கிடைத்துவிடும். பத்து வருஷம் அப்படிப் போனால் பந்து காலில் ஒட்டும்.

மொரோக்கோவைப் பாருங்கள். 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு. அந்த அணியின் 26 பேரில் 14 பேர் நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். பிழைப்புக்காக ஐரோப்பாவுக்குப் போன தொழிலாளர்களின் பிள்ளைகள். ஆனால் அந்த நாடு வெளியே பிறந்தவர்களை அழைத்ததோடு நிற்கவில்லை. ரபாத்துக்குப் பக்கத்தில் சலே என்ற ஊரில் பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்டி, பல வருஷங்களுக்கு முன்பே சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பும் பந்தும் சொல்லிக்கொடுத்தது. கால் இறுதியில் போர்த்துக்கல்லுக்கு எதிராக வெற்றிக் கோலை அடித்த என்-நெசிரி அந்தக் கூடத்தில் வளர்ந்தவர். வெளியே இருந்தவனும் வந்தான், உள்ளே இருந்தவனும் வந்தான். நம்ம நாட்டில் முதல் பாதி நடக்கிறது. இரண்டாவது பாதி நடக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே மைதானம் என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் மிளகுக் கொடிக்குள் போய்விடும், எடுத்துவர ஐந்து நிமிஷம். ஒரு நாள் போய்ப் பார்த்தால் பாதி மைதானத்தில் கன்று நட்டிருக்கிறது. யாரைக் கேட்டு நட்டார்கள்? யாரும் யாரையும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. மிச்சப் பாதியில் பெரிய பையன்கள் ஆடுவார்கள். சின்னவர்கள் ஓரத்தில் நிற்பார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்துக்கும் வரமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எங்களுக்கு எப்ப கிரவுண்ட் கிடைக்கும்?" என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு கதை. இது என் பிழை, அதனால் நானே சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு பையன் இடது பக்கத்தால் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. கண்டியில் ஒரு தெரிவு நடக்கிறது, அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. கூட்டிக்கொண்டு போக அப்பா ஒரு நாள் வேலையை விடவேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும். இரண்டு பேருக்குப் பஸ் காசு, சாப்பாடு, அதோடு சப்பாத்து. வீட்டில் யோசித்தார்கள். நான் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அன்று எனக்கு வேறு கூட்டம் இருந்தது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொன்னேன். அடுத்த வருஷம் அவன் சாதாரண தரப் பரீட்சையை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டான். தீபாவளிக்கு வந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

தோழர்களே, மைதானம் சம்பளத்துக்குப் பிறகு வருகிற விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சம்பளம் முதல் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் பையனைக் கண்டிக்குப் போகவிடாமல் தடுத்ததும் சம்பளம்தான். ஆனால் சம்பளப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தால் மிச்சப் பாதி மைதானத்திலும் கன்று நட்டுவிடுவார்கள்.

செய்யக்கூடியது என்ன? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அதன் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்கத் தடையாக இருந்தது. ரோட்டுப் போடக் கேட்டாலும் "அது தோட்டத்துக் காணி" என்று கையை விரித்தார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி நாம் வாக்குப் போட்டுப் புதிய சபைகளை அனுப்பியிருக்கிறோம். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம், பிரதேச சபைக்கு ஒரு கடிதம், இரண்டும் போகவேண்டும்.

கடிதத்தில் வெறுமனே "மைதானம் தேவை" என்று எழுதினால் குப்பைக் கூடைக்குத்தான் போகும். கணக்கு வேண்டும். உங்கள் டிவிஷனில் மைதானம் இருக்கிறதா? எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? முன்பு எவ்வளவு இருந்தது, யார் எடுத்தது? எத்தனை பையன்கள் ஆடுகிறார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் ஆட விரும்புகிறார்கள்? இந்த வேலையை அந்தக் கடை வாசல் ஆட்களிடம் கொடுக்கிறேன். தம்பி, லொறி அண்ணா, மாமா, உங்களிடம்தான். பின்களத்தில் எவன் எத்தனை அடி விலகி நின்றான் என்று அளக்கத் தெரிந்த உங்களுக்கு நம்ம மைதானத்தை அளக்கத் தெரியாதா? பெண் பிள்ளைகளின் கணக்கை நான் எடுக்கிறேன்.

நம்ம அலுவிகாரைக்கு ஒரு பெருமை உண்டு. பல நூறு வருஷம் வாயால் மட்டும் சொல்லி வந்த புத்தரின் போதனைகளை முதலில் ஓலையில் எழுதியது இங்கேதான். வாய்ச்சொல் அழிந்துவிடும் என்று பயந்துதான் எழுதினார்கள். நாமும் இத்தனை காலம் கடை வாசலில் நன்றாகப் பேசிவிட்டோம். இனி எழுதுவோம்.

அந்தப் பாதி மைதானத்தில் நட்ட கன்று இன்னும் முழங்கால் உயரம்தான். கூட்டம் முடிந்ததும் கதவுப் பக்கம் மேசையில் தாள் வைத்திருக்கிறேன், டிவிஷனுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நிரப்பிக் கொண்டுவாருங்கள். மாமா, நீங்கள் முதலில் எடுங்கள்.