வட்டம், சதுரம், ஒரு சிறு முக்கோணம்

(ஆசிரியர்களுக்கான நலவாழ்வுக் கூட்டமொன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயிரியல் நடத்துகிறவர்களுக்கு மரபுவழி வரைபடம் நன்றாகத் தெரியும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். விக்டோரியா அரசியின் குடும்பத்தில் ஹீமோஃபிலியா எப்படி இறங்கியது என்று கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பீர்கள். அதே வரைபடத்தில் சிறு முக்கோணம் ஒன்றும் உண்டு. பிறக்காமல் போன கருவைக் குறிப்பது அது. பாடத்தில் அது அதிகம் வருவதில்லை. வீட்டிலும் வருவதில்லை. "கலைஞ்சு போச்சு", "தங்கல" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இன்று அந்த முக்கோணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கருச்சிதைவுக்குப் பின் என்னிடம் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். "எங்க அம்மாவுக்கும் இப்படி ஆச்சு, எனக்கும் ஆகுமா டாக்டர்?" என்பது ஒன்று. மற்றொன்று உடன் வந்தவர்கள் கேட்பது: "அவங்க வம்சமே இப்படித்தானோ?" முதல் கேள்வி பயத்திலிருந்து வருகிறது. இரண்டாவதில் பழி இருக்கிறது. அறிவியல் இரண்டுக்கும் என்ன பதில் வைத்திருக்கிறது?

முதலில் ஓர் அடிப்படை உண்மை. உறுதி செய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் 10 முதல் 20 வரை கருச்சிதைவில் முடிகின்றன. முதல் மூன்று மாதங்களில் நிகழ்பவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையே காரணம். அந்தப் பிழை பெரும்பாலும் தற்செயலானது. தாயிடமிருந்து மகளுக்கு வருவதன்று. ஆகவே அம்மாவுக்கு ஒருமுறை கரு கலைந்தது என்பதற்காக மகள் அஞ்ச வேண்டியதில்லை.

வயதின் பங்கு இதைவிடப் பெரியது. நார்வே நாட்டின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், 25 முதல் 29 வயதுப் பெண்களிடம் கருச்சிதைவு நூற்றுக்கு 10 ஆக இருந்தது. 45 வயதுக்கு மேல் பாதியைத் தாண்டியது.

அப்படியானால் குடும்ப வரலாற்றுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. மீண்டும் மீண்டும் கரு கலைந்த பெண்களின் உடன்பிறந்தவர்களிடமும் இந்த இடர் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது. தெளிவாகத் தெரிந்த காரணங்களில் ஒன்றைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என இரண்டு வருகைப் பதிவேடுகள் இருக்கின்றன. தைக்கும்போது இதில் ஒரு தாள் அதிலும், அதில் ஒரு தாள் இதிலும் மாறிப் போய்விட்டது. இரண்டும் உங்கள் மேசையிலேயே இருக்கும்வரை ஒரு பெயரும் குறையாது, வேலை நடக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, சரியாகத் தைத்த வேறொரு பதிவேட்டோடு சேர்த்தால்? சில பெயர்கள் இரண்டு முறை வரும், சில பெயர்கள் இருக்கவே இருக்காது. சமநிலைக் குரோமோசோம் இடமாற்றம் என்பது இதுதான். அதை உடையவர் முழு ஆரோக்கியத்துடன் இருப்பார். அவருடைய கருமுட்டையிலோ விந்தணுவிலோ ஒரு பகுதி கூடியோ குறைந்தோ போகும்போது கரு நிலைப்பதில்லை. தொடர் கருச்சிதைவு உள்ள தம்பதியரில் நூறில் சில பேருக்கு இது இருக்கிறது. கவனியுங்கள், அது கணவரிடமிருந்தும் வரலாம். அதனால்தான் இருவரின் இரத்தத்தையும் சோதிக்கிறோம். மருமகளின் வம்சத்தை மட்டும் விசாரிப்பது பாதி வரைபடத்தை அழித்துவிட்டுக் கணக்குப் போடுவதற்குச் சமம்.

குடும்பத்தில் பலருக்கு வரக்கூடிய வேறு சில நிலைகளும் உண்டு. தைராய்டு குறைபாடு, கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், இரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகியவை. இவற்றுள் பலவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் நோய்க்குறி என்ற நிலையில், மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் பல கர்ப்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

சொந்தத்தில் திருமணம் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 16இல் ஒரு பங்கு, இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். தாய்மாமனை மணந்தால் 8இல் ஒரு பங்கு. இதனால் ஒடுங்கு பண்பு நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆயினும், தமிழ்நாட்டில் 1970களில் நடந்த பெரிய ஆய்வொன்று கருச்சிதைவில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. எனவே சொந்தம் என்பதாலேயே கரு கலைந்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் மருத்துவரிடம் அதை மறைக்கவும் வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள், இரு பக்கக் குடும்பத்தையும். அம்மா, பெரியம்மா, சித்தி, அத்தையிடம் பொறுமையாகக் கேளுங்கள். எத்தனை முறை, எத்தனையாவது மாதத்தில்? இறந்து பிறந்த குழந்தை, பிறந்து சில நாளில் இறந்த குழந்தை உண்டா? இளம் வயதில் காலில் இரத்தக் கட்டியோ பக்கவாதமோ வந்தவர் யார்? பிறவிக் குறைபாடு யாருக்கு? பாட்டிமார் போனால் இந்த விவரங்களும் அவர்களோடு போய்விடும். இரண்டு முறை கரு கலைந்திருந்தால், மூன்றாவது முறைக்குக் காத்திராமல் வரைந்த தாளோடு மருத்துவரைப் பாருங்கள். எல்லாச் சோதனையிலும் காரணம் தெரியாமல் போவதும் உண்டு. அப்படிப்பட்ட தம்பதியரிலும் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் குழந்தை பெறுகிறார்கள்.

கடைசியாக நம் ஆசிரியர் அறை. பஸ்ஸில் வந்ததாலோ, மாடிப்படி ஏறியதாலோ, நின்றுகொண்டு பாடம் எடுத்ததாலோ கரு கலைந்தது என்று அந்தச் சகோதரி தன்னையே நொந்துகொண்டிருப்பார். "அன்னைக்கே சொன்னேனே" என்று நாம் அதை உறுதிப்படுத்திவிடக் கூடாது. "விசேஷம் உண்டா?" என்று மாதந்தோறும் கேட்க வேண்டாம். வளைகாப்புக்கு அவரை அழைக்காமல் விடவும் வேண்டாம். வருவதும் வராததும் அவர் விருப்பம். நம் நாட்டுச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு தருகிறது. அரசுப் பணியாளர்களுக்கான விடுப்பு விதிகளிலும் கருச்சிதைவு விடுப்பு இருக்கிறது. வெளியே தெரிந்துவிடுமே என்று தற்செயல் விடுப்பில் இரண்டு நாள் எடுத்துவிட்டு மூன்றாம் நாள் வகுப்பில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர்கள் இந்த விடுப்பைப் பற்றித் தாமாகவே எடுத்துச் சொன்னால், கேட்கக் கூசுகிறவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்த முறை மரபுவழி வரைபடம் நடத்தும்போது, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் பக்கத்தில் அந்த முக்கோணத்தையும் வரைந்து, அதன் பொருளைச் சொல்லுங்கள். இது யாருடைய குற்றமும் இல்லை என்று ஒரு மாணவியும் ஒரு மாணவனும் வகுப்பறையிலேயே தெரிந்துகொள்வார்கள்.