மழைக்காலமும் மதலையர் மூச்சும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



மழையும் பனியும் கூடும் மாதங்களில் நம் கோவை மாநகரத்து மருத்துவமனைகளில் குழந்தைக்கென ஒரு கட்டில் பெறுவது எத்துணை அரிது என்பதை, கைக்குழந்தையோடு அங்கு நின்றவர் அறிவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கோவை ஜில்லாவினரேயன்றித் திருப்பூர், ஈரோடு, நீலகிரிப் பக்கத்தினரும், கணவாய்க்கு அப்பாலுள்ள பாலக்காட்டாரும் வருகின்றனர். 2022-ஆம் ஆண்டில் திருப்பூரிலும் உதகையிலும் புதிய மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பெற்றன; ஆயினும் மூச்சுத் திணறும் சிசுவை எடுத்துக்கொண்டு கோவைக்கு ஓடிவரும் வழக்கம் மாறவில்லை.

இந்நெருக்கடி நமக்கு மட்டும் உரியதன்று. 2022 செப்டம்பரில் புதுச்சேரியில் காய்ச்சலுற்ற குழந்தைகள் பெருந்தொகையாக மருத்துவமனைகளை அடையவே, எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினர். அவ்வாண்டு நவம்பரில், செல்வம் மிக்க அமெரிக்காவிலேயே குழந்தை மருத்துவமனைகளின் சங்கத்தார் அவசரநிலை அறிவிக்குமாறு அரசினரை வேண்டினர். 2023 மார்ச்சு 10-ந் தேதி நம் மாநில அரசினர் காய்ச்சல் முகாம்கள் ஆயிரம் நடத்த நேர்ந்தது.

நிற்க. இக்கட்டில்களை நிரப்புவது யாது? வைரஸ்கள் பல; கைக்குழந்தைகளைப் பற்றுவனவற்றுள் ஆர்.எஸ்.வி. என்பது தலையாயது. 1956-இல் சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலிற் கண்டறியப்பெற்று, அடுத்த ஆண்டிலேயே குழந்தைகளிடத்தும் காணப்பெற்றது. நமக்கு அது சில நாள் மூக்கொழுகல். ஆறு மாதக் குழந்தைக்கோ, நுரையீரலின் நுண்குழல்களை வீங்கச்செய்து சளியால் அடைப்பது. கிணற்று நீரைக் குழாயில் இறைக்கும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குழாயின் விட்டம் பாதியானால், சீரான ஓட்டத்திற்குத் தடை பதினாறு மடங்காகும். பெரியவர் குழலில் வீக்கத்திற்கு இடமுண்டு. குழந்தையின் குழலில் அவ்விடமில்லை. பிராணவாயு கொடுத்தல், சளியை உறிஞ்சி எடுத்தல், மூக்கின் வழியே குழாய் விட்டுப் பால் புகட்டல் இவற்றைச் செய்துகொண்டு, நோய் தானே தணியும்வரை குழந்தையைக் காத்திருத்தலே பெரும்பாலும் சிகிச்சை. ஆதலின் ஒரு குழந்தைக்கே கட்டில் பல நாள் வேண்டியிருக்கிறது. பணமுடையோர் கட்டில் வாங்கித் தரலாம். நள்ளிரவில் கண்விழித்து மூச்சை எண்ணிப் பார்க்கும் தாதியை ஒரு மாதத்தில் உண்டாக்க இயலாது. நன்கொடையாளர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

என் குற்றத்தையும் ஈண்டுச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி நாற்பது நாட் குழந்தையாயிருந்தபோது, சீருக்கு வந்த உறவினர் அனைவரும் அவளைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினோம். எனக்கு அன்று இருமல். "அப்பாருகிட்டக் குடு கண்ணு" என்று வாங்கி முத்தமிட்டேன். ஐந்தாம் நாள் அவள் பால் குடிப்பதைக் குறைத்தாள், விலா உள்வாங்கிற்று. "சளிதானே, வெற்றிலைச் சாறு போதும்" என்று இரண்டு நாளைப் போக்கினவனும் யானே. ஏழு நாள் பிராணவாயுவில் இருந்து பிழைத்தாள். அதே வார்டில், வெறும் மூக்கொழுகலுக்காகப் பெற்றோர் வற்புறுத்திக் கட்டில் வாங்கிய குழந்தைகளையும் கண்டேன். வேண்டாதார் முந்துகின்றனர், வேண்டியவர் பிந்துகின்றனர்.

நம் முன்னோர் எம்மினும் தெளிவுடையராயிருந்தனர். பிளேக் வந்த காலத்தில் ஊரைவிட்டு வெளியே குடிசை கட்டித் தங்கினர். கோவையிலுள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினால், அழைத்தாலும் எவரும் உள்ளே வாரார். அதனை அவமரியாதை என்பாருமில்லை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டிலும் இம்மாதங்களில் அவ்வேப்பிலையைச் செருகினால் என்ன?

அமுச்சிமார் என்மீது கோபங்கொள்ளலாகாது. குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுதலும், வாயால் ஊதுதலும் விடற்பாலன. எண்ணெய் நுரையீரலிற் புகுந்து வேறொருவகை நிமோனியாவை விளைக்கும். சாம்பிராணிப் புகையும் ஆகாது. கடையிற் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் அவ்வாறே. 2025-இல் நம் மாநிலத்திற் செய்யப்பட்ட சிரப்பொன்றில் நஞ்சு கலந்திருந்தமையால் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகள் மாண்டனர்.

இனி, எப்போது ஓடவேண்டும்? குழந்தை அழாதிருக்கையில், சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்டதற்கு 60-ஐயும், அதன்மேல் ஒரு வயது வரை 50-ஐயும், ஐந்து வயது வரை 40-ஐயும் எட்டினால் அன்றே மருத்துவரிடம் செல்க. விலா குழிந்தாலோ, பால் குடியாவிடினோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டா. நள்ளிரவாயினும் 108 வண்டியை அழைக்க.

கூட்டம் கலையுமுன் ஒரு தீர்மானம் கொணர விரும்புகிறேன். ஐப்பசி முதல் மாசி வரை நம்மவர் விசேஷங்களுக்கு அச்சிடும் பத்திரிகைகளில், "கைக்குழந்தையுள்ள தாய்மாரும் இருமலுடையோரும் வாராவிடினும் குறையில்லை" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். இதற்குச் சீர்முறைகளை நடத்திவைக்கும் அருமைக்காரர்கள் முதலில் ஒப்புதல் தரவேண்டும். மருத்துவர் சொல்லினும் அவர்கள் சொல் நம் வீடுகளில் விரைந்து செல்லும். ஆட்சேபணை உடையோர் இப்போதே எழுந்து கூறலாம்.